முந்நூற்று இருபத்தேழு மார்க்கும் நல்ல சகுனமும்

"அங்கேயே நில்லு! வெளியே வராதே!"

வைத்தீஸ்வரன் போட்ட சத்தத்தில், குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த திரிபுரசுந்தரி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். பயனில்லை. அண்ணன் வாசற்படியைத் தாண்டி வலது காலை வைத்துவிட்டு, மகள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்திருந்தார். பார்த்த கண்ணில் முதலில் பட்டது தங்கை. நெற்றியில் பொட்டில்லாத, தலையில் பூவில்லாத தங்கை.

"நீங்க கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேண்ணா. எனக்கும் ரயிலுக்கு நேரமாச்சு."

"ஒரு நல்ல காரியத்துக்குப் போறோம். அஞ்சு நிமிஷம் உள்ளே இருந்தா உன் டெலிபோன் ஆபீஸ் இடிஞ்சா விழுந்துடும்?"

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி சுந்தரவல்லி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கெட்ட சகுனம் உடம்பை விட்டு இறங்கட்டும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் எதிர்வீட்டுக் கஸ்தூரிரங்கனின் மனைவி நிறைகுடத்தோடு நின்றாள். சுமங்கலியாக எதிரே வருவதற்கு முந்தின நாளே சொல்லி வைக்கப்பட்டவள்.

"இப்ப நான் வந்தது செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டாள்.

"செல்லாதும்மா. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி வாங்க."

"அப்ப குடத்தைக் கீழே வைக்கிறேன். இடுப்பு விட்டுப்போச்சு."

அந்தப் பத்து நிமிஷத்தில் எட்டு ஐந்து வண்டி தாம்பரத்தை விட்டுப் போய்விட்டது. அடுத்த வண்டி பிடித்து, இறங்கி, பஸ் மாறி, பட்டணத்தின் பெரிய பெண்கள் கல்லூரிக்கு அப்பாவும் மகளும் போய்ச் சேர்ந்தபோது, விண்ணப்பப் பாரம் கொடுக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை, பாரம் கிடைக்காததற்குக் காரணம் யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் அது. வைத்தீஸ்வரனின் ஒரே மகள் வேதா எஸ்.எஸ்.எல்.சி.யில் அறுநூறுக்கு முந்நூற்று இருபத்தேழு வாங்கியிருந்தாள்.

"திட்டவும் முடியலை, மெச்சவும் முடியலை. இது என்ன மார்க்கு?" என்று அவர் குழம்பினார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். ஜூலை பத்துக்குள் எங்காவது பி.யு.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்புக்கு இடம் கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் காஞ்சிபுரத்துப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவது. பையனுக்கு இருபத்தெட்டு வயது, சொந்தக் கடை, ஆவணியில் முகூர்த்தம்.

கெடுவைக் கேட்டு வேதா அழுதாள். திரிபுரசுந்தரி அழாமல், ஜூலை பத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள். அவளையும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஆவணியில்தான் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் தயாளன் நல்லவன். பதினான்கு மாதம் வாழ்ந்தான். டைபாய்டு வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டான். எதிர்வீட்டம்மாவின் குடக்கூத்தை அவன் பார்த்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பிறகு டிரங்க் டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது. பதினோரு வருஷமாகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையும் ஊரையும் இணைக்கிறாள். மதுரைக்குக் கல்யாணம் நிச்சயம் செய்யக் கூப்பிட்டவர்களும், கோயமுத்தூருக்குப் பேரன் பிறந்ததைச் சொல்லக் கூப்பிட்டவர்களும் முதலில் கேட்டது அவள் குரலைத்தான். அந்தக் கல்யாணங்கள் நடந்தன. பேரன்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். குரலில் நெற்றி தெரியாத சௌகரியம் அது.

வீட்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. அண்ணன் பாரம் வாங்கப் போகும் நாட்களில் அவள் விடியற்காலையிலேயே கிணற்றடிப் பக்கமாக வெளியேறிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இரண்டாவது கல்லூரிக்குச் சகுனம் அமோகமாக இருந்தது. குடம் வந்தது, பால்காரன் வந்தான், கோயில் மணிகூட அடித்தது. கல்லூரிக் குமாஸ்தா, "முந்நூத்தி எழுபதுக்குக் கீழே நாங்க பாக்கறதே இல்லை சார்" என்றார். மூன்றாவது கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு போனார்கள். கடிதத்துக்கு மரியாதையாக நாற்காலி போட்டுவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் நூற்றுப் பதினாலாவதாகப் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

"குடம் சரியாத்தானே வந்துச்சு?" என்று வைத்தீஸ்வரன் எதிர்வீட்டில் போய் விசாரித்தார்.

"என் குடத்துல ஓட்டை இல்லை சார். உங்க பொண்ணு மார்க்கைப் பாருங்க" என்றாள் கஸ்தூரிரங்கனின் மனைவி.

இதையெல்லாம் திரிபுரசுந்தரி ரயிலில் பெண்கள் பெட்டியில் ஜெயசீலி டீச்சரிடம் சொன்னாள். பல்லாவரத்தில் பள்ளிக்கூட வேலை பார்ப்பவள் ஜெயசீலி. சிரித்து முடித்துவிட்டு, மார்க்கைத் தனித்தனியாகச் சொல்லச் சொன்னாள்.

"கணக்குல எழுபத்தெட்டு. விஞ்ஞானத்துல எழுபத்தொண்ணு. சமூகப் பாடத்துல முப்பத்தொன்பது. மத்தது எல்லாம் சுமார்."

"அடியம்மா! உங்க அண்ணன் காலேஜோட பேரைப் பாக்குறார். காலேஜ்காரங்க மொத்தத்தைப் பாக்குறாங்க. பொண்ணு எதுல கெட்டின்னு யாருமே பாக்கலையே?"

பல்லாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் புதிதாகப் பெண்கள் கல்லூரி ஒன்று நடந்தது. தொடங்கி இரண்டாவது வருஷம். கணக்குப் பிரிவுக்குக் கணக்கு, விஞ்ஞான மார்க்கைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

"பாதி ஓலைக் கொட்டகைதான். ஆனா லேப் இருக்கு, ஒழுங்காப் பாடம் எடுக்க ஆளு இருக்கு. பேரு வாங்க இன்னும் பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள உங்க பொண்ணு படிச்சே முடிச்சிடுவா, போங்க."

மறுநாள் ஆபீஸ் முடிந்து திரும்பும்போது திரிபுரசுந்தரி பல்லாவரத்தில் இறங்கினாள். கொட்டகைகளைச் சுற்றிப் பார்த்தாள். ஆய்வுக்கூட ஜன்னல் வழியாகத் தராசு, குடுவை எல்லாம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாரம் வாங்கினாள். வேதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை நிரப்பினாள். கணக்கு, விஞ்ஞானம் இரண்டுக்கும் அடியில் கோடு போட்டாள்.

அப்பா கையெழுத்துக்குத்தான் வழியில்லை. திரிபுரசுந்தரி கையால் வாங்கின பாரம் என்று தெரிந்தால் அவர் பேனாவையே எடுக்க மாட்டார்.

"எங்கிட்டக் குடு" என்றாள் சுந்தரவல்லி. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. "எனக்குப் பதினஞ்சுல கல்யாணம் ஆச்சு. இவ கொஞ்சம் படிக்கட்டும்."

கணவரிடம் போய், "எதிர்வீட்டம்மா தன் கையால வாங்கிட்டு வந்து குடுத்தாங்க" என்றாள். வைத்தீஸ்வரன் பாரத்தை இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பிள்ளையார் சுழி போட இடம் இல்லாததால் மனசுக்குள்ளேயே போட்டு, கையெழுத்து வைத்தார்.

பத்து நாளில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஜூலை நாலாம் தேதி, வியாழக்கிழமை, பத்தரை மணி. ஏழரை வரை எமகண்டம். ஆகவே ஏழு நாற்பதுக்குப் புறப்பாடு. திரிபுரசுந்தரி ஆறு மணிக்கே கிணற்றடிப் பக்கமாகப் போய்விட வேண்டும். எமகண்டம் அவளை ஒன்றும் செய்யாது என்று வீட்டில் ஒரு கணக்கு.

ஒன்பதுக்கு ஆபீஸ் போனால் போதும் என்பதால், அவள் தாம்பரம் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, கடந்துபோகும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு ஐம்பத்தைந்துக்கு அண்ணன் குரல் கேட்டது.

"புத்தகம்! புத்தகம் எங்கேடீ?"

வைத்தீஸ்வரன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். விபூதிப் பொட்டலம், குங்குமப் பொட்டலம், எலுமிச்சம்பழம், நான்கு வெற்றிலை, அழைப்புக் கடிதம் எல்லாம் விழுந்தன. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகம் விழவில்லை. அது பூஜை அலமாரியில் பிள்ளையார் காலடியில், காலையில் வைத்த இடத்திலேயே ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தது.

"ஓடிப்போய் எடுத்துட்டு வாங்கப்பா. நேரம் இருக்கு" என்றாள் வேதா.

"கிளம்பினவன் திரும்பி வீட்டுக்குள்ள நுழையறதா? அத்தனை சகுனமும் போச்சு!"

"அப்ப நான் போறேன்."

"உனக்காகத்தானே சகுனமே பாத்தது! நீ எப்படித் திரும்புவ?"

அசலான மார்க் புத்தகம் இல்லாமல் வந்தால் உள்ளே கூப்பிட மாட்டோம் என்று அழைப்பில் அச்சடித்திருந்தது. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள். அவர் பிளாட்பாரத்தை மேலும் கீழும் பார்த்தார். பெஞ்சில் தங்கை தெரிந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"திரிபுரா! நல்லவேளை. நீ போய் எடுத்துட்டு நேரா காலேஜுக்கு வந்துடு. உனக்குத்தான் கெட்டுப்போக ஒண்ணும் இல்லையே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு வசதியைச் சொன்னார், அவ்வளவுதான். அதனால்தான் அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பிறகு வேதாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்தாள்.

"சரிண்ணா."

ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரன், "இன்னாக்கா, ஆபீசுக்குப் போறவ வூட்டுக்குத் திரும்புற?" என்றான்.

"சீக்கிரம் மிதிப்பா. எனக்குத் திரும்பலாம்."

முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். பிள்ளையார் காலடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் சிக்னல் பழுதென்று ரயில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டதால், அவள் பங்களாவை அடைந்தபோது மணி பத்து நாற்பது. வேதாவின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. பிரின்சிபால் அறையில் வைத்தீஸ்வரன், "புக் ஈஸ் கமிங், மேடம்" என்று நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கூரையில் சுற்றும் மின்விசிறியையே பார்த்தார்.

ஏன் என்று திரிபுரசுந்தரிக்கு உள்ளே நுழைந்ததும் புரிந்தது. மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி. கரையில்லாத வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. நெற்றி துடைத்துவைத்த பலகை மாதிரி இருந்தது.

"புத்தகத்தை இப்படிக் குடும்மா" என்று அந்த அம்மாள் கையை நீட்டினாள். வளையலில்லாத ஒரு கையிலிருந்து வளையலில்லாத இன்னொரு கைக்குப் புத்தகம் போயிற்று. வைத்தீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரின்சிபால் நிதானமாகப் பக்கம் புரட்டினாள். வேதாவிடம் இரண்டு கணக்குக் கேட்டாள். ஒன்றுக்கு உடனே பதில் வந்தது. இன்னொன்றுக்குக் கொஞ்சம் திணறி வந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"இந்தப் பாரத்தை நிரப்பினது யாரு? எது முக்கியமோ அதுக்குக் கீழே கோடு போட்டிருக்கு. முந்நூறு பாரம் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் இது தோணலை."

"எங்க எதிர்வீட்டு அம்மா..." என்று ஆரம்பித்தார் வைத்தீஸ்வரன்.

"எங்க அத்தை மேடம்" என்றாள் வேதா. "இதோ நிக்கிறாங்களே, இவங்கதான். பாரம் வாங்கினதும் இவங்கதான்."

வைத்தீஸ்வரன் கண்ணைத் திறந்தார்.

"நீயா?"

"ஆமாண்ணா."

"அதை நான் கண்ணுல வேற ஒத்திக்கிட்டேனே!"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணா?"

பிரின்சிபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, பாரத்தில் ஒன்றும், சேர்க்கைச் சீட்டில் ஒன்றுமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"கணக்குப் பிரிவு. திங்கட்கிழமையிலிருந்து வரலாம். காலைல ஒன்பதே முக்காலுக்கு வாசல்ல நான் நிப்பேன். ஒவ்வொரு பொண்ணும் என் முகத்தைப் பாத்துட்டுத்தான் வகுப்புக்குப் போகணும். இங்கே அதுதான் வழக்கம்."

வைத்தீஸ்வரனின் உதடுகள் அசைந்தன. வருஷத்துக்கு எத்தனை காலை, ஒவ்வொரு காலையும் யாருடைய முகம் என்று அவர் கணக்குப் போடுவது தங்கைக்குத் தெரிந்தது. கணக்கு அவரை மீறி வாய்க்கு வந்துவிட்டது.

"மேடம், இந்தக் காலேஜுக்குப் பின்பக்கமா வேற வழி ஏதாவது இருக்குங்களா?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவள் காதில் அதற்கு முன்பும் விழுந்திருக்க வேண்டும்.

"இல்லைங்க. ஒரே வாசல்தான். பின்வாசலை நான்தான் கல் வெச்சு அடைக்கச் சொன்னேன்."

வேதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"வாங்கண்ணா, அடுத்த பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்றாள் திரிபுரசுந்தரி. சொல்லிவிட்டு, அவருக்கு வழிவிட்டு ஒதுங்காமல், முதல் ஆளாக அறையை விட்டு இறங்கி நடந்தாள். பின்னாலேயே வேதா ஓடினாள். மை காயாத சீட்டை மடிக்க முடியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வைத்தீஸ்வரன் அந்த ஒரே வாசலை நோக்கித் தங்கைக்குப் பின்னால் போனார்.