லெம்லே வாத்தியாரின் வியாழக்கிழமைகள்

ஜெர்மன் நாட்டு வூர்ட்டெம்பெர்க் ராஜ்யத்தில், யாக்ஸ்ட் ஆற்றங்கரை ஊரில், லெம்லே வாத்தியாருக்கு மூன்று வேலை. யூதப் பிள்ளைகள் இருபத்தேழு பேருக்குப் பாடம் சொல்ல வேண்டும். ஜெபக்கூடத்தில் முன்னின்று வழிபாடு நடத்த வேண்டும். ஆடுமாடுகளை மத விதிப்படி அறுத்துக் கொடுக்க வேண்டும். முப்பதே வீடுள்ள சமூகத்துக்கு மூன்று ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. பத்தொன்பது வருஷமாக எல்லாம் அவர்தான். நாற்பத்தைந்து வயதிலேயே தோள் இரண்டும் முன்னால் சரிந்துவிட்டன.

வியாழக்கிழமைதான் பாடாய்ப் படுத்தும். மறுநாள் மாலை ஓய்வுநாள் பிறந்துவிடும். அதற்குள் வீடு வீடாக இறைச்சி போய்ச் சேர வேண்டும். காலை பத்து மணிக்குக் கோப்பெல் வந்து பள்ளிக்கூட ஜன்னலைத் தட்டுவார். கசாப்புக் கடைக்காரர், சமூகத்துக்குத் தலைவரும் அவரே.

"வாத்தியாரே, மாட்டைப் பிடிச்சுக் கட்டியாச்சு."

"பின்னக் கணக்கு பாதியில நிக்குது, கோப்பெல். பத்து நிமிஷம்."

"பின்னம் எங்கயும் ஓடிடாது. மாடு ஓடிடும்."

வாத்தியார் கத்திப்பெட்டியோடு கிளம்பியதும் அவர் மனைவி ஃப்ராடல் மாடியிலிருந்து இறங்கி வருவாள். பள்ளிக்கு மேலேதான் குடியிருப்பு. பலகைத் தரையின் இடுக்கு வழியாகப் பத்தொன்பது வருஷப் பாடமும் அவள் காதில் விழுந்திருந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பின்னமும் வட்டியும் கற்றுக்கொண்டவள்.

1853 அக்டோபரில் ஒரு வியாழனன்று, பங்குச் சாமியார் வென்டலின் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். ராஜாங்கச் சட்டப்படி, யூதர் பள்ளிக்கும் அவர்தான் மேற்பார்வை.

"வாத்தியார் எங்கம்மா?"

ஃப்ராடல் வாய் திறக்குமுன் முன்பெஞ்சுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "மாடு அறுக்கப் போயிருக்காரு, சாமி. வியாழக்கிழமை எப்பவும் இவங்கதான். இவங்க சொன்னா நல்லாப் புரியுது."

ஃப்ராடலுக்குக் காது சிவந்துவிட்டது. சாமியாரோ, "நீங்க நடத்துங்கம்மா" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் திரும்பி வந்தபோது சட்டைக்கையில் ரத்தம் காயாமல் இருந்தது.

"இதுக்கு நான் ஒரு வழி பண்றேன், வாத்தியாரே" என்றார் சாமியார், மனமிரங்கி.

யார் இரக்கப்பட்டு எதைச் செய்தாலும் கடைசியில் அது தன் தலையில்தான் விடியும் என்பது வாத்தியார் கண்ட அனுபவம்.

அப்படியே விடிந்தது. பள்ளி நேரத்தில் ஆசிரியரை வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. கோப்பெல் பெரியவர்களைக் கூட்டினார்.

"சாமியார்கிட்டப் போய் மூக்கால அழுதீங்களா?"

"நான் வாயே திறக்கல."

"சரி, விடுங்க. பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத்தானே? அஞ்சுக்கே அறுத்துடுவோம். அப்புறம் பகல் முழுக்க உங்க இஷ்டம்!" பெரிய உபகாரம் செய்துவிட்ட களை அவர் முகத்தில்.

எதிர்த்துச் சொல்ல வாத்தியாரிடம் நிறைய இருந்தது. சொல்லத்தான் தெம்பில்லை. "சரி" என்றார்.

பனி கொட்டத் தொடங்கியது. விடியற்காலை லாந்தரோடு தொழுவத்துக்குப் போய்வந்தவருக்கு, பத்து மணிக்கெல்லாம் மேஜையிலேயே தலை கவிழ்ந்துவிடும். பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஃப்ராடல் இறங்கி வந்து சாக்பீஸை எடுப்பாள்.

"ஏன் எழுப்பல?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பிள்ளைங்கதாங்க வேணாம்னாங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மறுவாரமும் தூங்கினார்.

ஜனவரியில் ஒரு வியாழன். அறுக்குமுன் கத்தியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழைப் பிசிறு இருந்தாலும் அந்த இறைச்சி ஆகாது. ஓட்டினார். வழவழவென்றுதான் இருந்தது. கோப்பெல் மாட்டின் தலையைப் பிடித்துவிட்டார். வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, மரத்துப்போன விரலை வாயில் வைத்துச் சூடாக்கி மறுபடி ஓட்டினார். நடுவில் நகம் தட்டியது.

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வாத்தியாரே?"

"கத்தியில பிசிறு. முதல்ல எனக்குத் தெரியல."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? தீட்டுங்க."

"போன வாரம் இருந்துதா? அதுக்கு முந்தின வாரம்? உங்க பேரப்பிள்ளைங்க என்னத்தைத் தின்னாங்கன்னு எனக்குத் தெரியாது, கோப்பெல். என் விரலை நானே நம்ப மாட்டேன். இனிமே நீங்களும் நம்பாதீங்க."

ராஜாங்க உத்தரவையே வளைத்துப்போட்ட மனிதருக்கு இதற்கு முகம் வெளுத்துவிட்டது. மாட்டை அவிழ்த்தார்.

மதத்தலைவரான ரபிக்கு எழுதிக் கேட்டார்கள். நடந்துபோனதில் தோஷம் இல்லை, இனி அவரை அந்த வேலைக்கு அழைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்த ஊரில் அறுத்துக் கொடுப்பவர் வியாழன்தோறும் வந்து அறுப்பதாக ஏற்பாடு. இறைச்சி நேரம் கழித்து வருகிறது என்று நாலு வீட்டில் முணுமுணுத்தார்கள். வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கத்தி எடுக்காத முதல் வியாழனன்று ஏழு மணிவரை தூங்கினார். எழுந்தபோதும் அலுப்பு அப்படியேதான் இருந்தது. பத்தொன்பது வருஷத்து அலுப்பு ஒரு ராத்திரியில் போகுமா? கணக்கு நேரம் வந்ததும் மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஃப்ராடல், நீயே வந்து எடு. நான் நோட்டு திருத்தறேன்."

"சாமியார் வந்துட்டா?"

"வந்தா உட்காரட்டும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவர் நோட்டுகளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, முதல் நோட்டைப் பிரித்தார்.