பதினான்காவது பிரசவம்

செத்துப்போன ஒரு பெண்ணின் கல்லறையைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக நான் மெல்பேர்னின் ஒரு கோடியில் டன்டினோங்கிலிருந்து மறுகோடியில் பொயிண்ட் குக் வரைக்கும் கார் ஓடிப் போனேன். இரவு வேலை முடித்து வந்து நாலு மணித்தியாலம்தான் நித்திரை. வெஸ்ற்கேற் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் நெரிசல். பக்கத்தில் என் கணவர் கிறகோரி, மடியில் வட்டிலப்பப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, "கோபப்படாமல் வா மலர், அவையின்ரை கலியாண நாள்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். கோபப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். இருபத்தாறு வருஷமாகியும் அவருக்கு இது விளங்கவில்லை.

என் தங்கை ஜெனோஜாவின் கணவன் எறிக், பத்தாவது கலியாண நாளுக்கு அவளுக்குத் தாஜ்மஹாலைக் காட்டப் போகிறானாம். மூன்று பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போக முடியாது என்பதால் ஆக்ராவில் ஒரு வழிகாட்டியைப் பிடித்திருந்தான். அவர் கைத்தொலைபேசியோடு தாஜ்மஹாலைச் சுற்றி நடப்பார். நாங்கள் எறிக்கின் வீட்டில் இருந்தபடி சுவரளவு தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டு அவரிடம் கேள்வியும் கேட்கலாம். முழுக்க எங்களுக்கு மட்டுமான சுற்றுலா. வழிகாட்டி தமிழ் கதைப்பவர் என்பதை எறிக் தனியாக அழுத்திச் சொல்லியிருந்தான்.

நான் மருத்துவமாது. மெல்பேர்னில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதியில் இருபத்திரண்டு வருஷம். எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் இரத்தம் நிற்காமல் போன தாய்மார் ஒவ்வொருவரின் முகமும் எனக்கு ஞாபகம். அதில் ஒன்று ஜெனோஜாவின் முகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூன்றாவது சிசேரியன். நச்சுக்கொடி கருப்பையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. மூன்றரை லீற்றர் இரத்தம் போனது. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். வீட்டுக்கு விடும் நாளன்று டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டி, இன்னொரு பிள்ளை வேண்டாம், அடுத்த தடவை உன்னைக் காப்பாற்றுவேன் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். எறிக் அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். கருக்குழாயைக் கட்டிவிடுவதற்கு ஒரு நாள் குறிப்போமா என்று டொக்டர் ஜெனோஜாவைக் கேட்டார். "பிறகு யோசிப்பம்" என்று எறிக் பதில் சொன்னான். அவளிடம் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில் அது. அன்றைக்கே எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும்போல் இருந்தது. போடாமல் விட்டது என் பிழை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எறிக்கோடு வேலை செய்கிற இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. குசினியில் ரோல்ஸ் பொரியும் வாசம். ஜெனோஜா கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு சோபாவில் இருந்தாள். எறிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மூன்றும் பின்வளவில் விளையாடினார்கள்.

தொலைக்காட்சியில் வழிகாட்டியின் முகம் தெரிந்தது. நாற்பது வயது மதிக்கலாம், வெயிலில் கறுத்த, நல்ல மனிதர். "வணக்கம் சார், வணக்கம் மேடம். என் பேரு செந்தில்நாதன். சொந்த ஊரு சேலம். இங்க ஆக்ராவுல பதினஞ்சு வருஷமா இருக்கேன். கல்யாண நாள் வாழ்த்துக்கள்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தொலைபேசியைத் திருப்பினார். சிவப்புக் கல் வாசல் ஆடி ஆடி வந்தது, அது விலக, அந்த வெள்ளைக் குவிமாடம். அங்கே காலை எட்டரை, வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. அழகில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"உலகத்துலயே ஒரு புருஷன் பொண்டாட்டிக்காகக் கட்டின பெரிய பரிசு இது சார்," என்றார் செந்தில்நாதன். "ஷாஜஹானுக்கு மும்தாஜ்னா உயிரு. ஒரு நாள் பிரிஞ்சு இருக்க மாட்டார். போருக்குப் போனாக்கூட கூட்டிட்டுப் போவார்."

எறிக் ஜெனோஜாவின் கையை உயர்த்தி முத்தமிட்டான். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எத்தினை மாசம்?" என்று நான் கேட்டேன்.

"என்ன மேடம்?"

"போருக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை அவவுக்கு வயித்திலை எத்தினை மாசம்?"

கிறகோரி என் முழங்கையைத் தொட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். செந்தில்நாதன் பாவம், ஒரு கணம் தடுமாறி, "கடைசியா போனப்போ நிறைமாசம்தான் மேடம்" என்றார். பிறகு அவசரமாகப் பளிங்கில் பதித்த பூக்களுக்குப் போய்விட்டார். ஒரு பூவுக்குள் எத்தனை துண்டுக் கல், எந்தக் கல் எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை ஆயிரம் பேர், எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்று ஒப்புவித்தார். எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. அந்தப் பெண் எத்தனை தரம் பிள்ளை பெற்றாள் என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. கலியாண நாளுக்குக் காசு கொடுத்து அழைத்தவனுக்கு அவர் வேறு என்ன சொல்வார்?

குவிமாடத்தின் கீழ் வாசலுக்கு வந்ததும் அவர் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "உள்ள படம் பிடிக்க விடமாட்டாங்க சார். சமாதி உள்ளதான் இருக்கு. நான் இங்கயே நிக்கறேன், ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

எறிக் அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருந்தான் போல. எழுந்து தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. இண்டைக்கு உங்களுக்கு இன்னொரு சந்தோஷமான விசயமும் சொல்லோணும். மன்னாரிலை அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. எங்களுக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறந்தா அங்கை கொண்டுபோய்க் காட்டுறதெண்டு. டொக்டர் ரெண்டு வருசம் பொறுக்கச் சொன்னவ. போன மாசத்தோடை அது முடிஞ்சுது. எங்களுக்காகச் செபியுங்கோ."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெண் எழுந்து வந்து ஜெனோஜாவைக் கட்டிப்பிடித்தாள். ஜெனோஜா சிரித்தாள், படம் எடுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

ரெண்டு வருசமாம்! பக்கத்துக் கதிரையில் நானே இருந்து கேட்டிருக்கிறேன், என் முகத்துக்கு நேரே நின்று இவன் ரெண்டு வருசம் என்கிறான். ஒரு பொய்யைப் பல தடவை சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்ட ஒருவனின் முகம் அவனுக்கு.

"எந்த டொக்டர் எறிக், ரெண்டு வருசம் எண்டு சொன்னது?"

"மலர் அக்கா, பிறகு கதைப்பம்."

"இப்ப கதைப்பம். நானும் அந்த அறைக்குள்ளை இருந்தனான். இனிமேல் வேண்டாம் எண்டுதான் அவ சொன்னவ. படம் கீறிக் காட்டினவ."

"உங்களுக்கு ஆஸ்பத்திரியிலை ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்துப் பார்த்துப் பயம். டொக்டர்மார் தங்களிலை பிழை வராமல் இருக்க அப்பிடித்தான் சொல்லுவினம். இது எங்கடை குடும்ப விசயம். ஜெனோவுக்கும் விருப்பம். கேட்டுப் பாருங்கோவன்."

நான் ஜெனோஜாவைக் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தொலைக்காட்சியைப் பார்த்துத் திரும்பினேன்.

"தம்பி, அந்தப் பொம்பிளை எப்பிடிச் செத்தவ எண்டு இவருக்கு ஒருக்கால் சொல்லும்."

செந்தில்நாதன் தன் தொலைபேசித் திரையில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிரசவத்துல மேடம்," என்றார். "பதினாலாவது பிரசவம். பத்தொம்பது வருஷத்துல பதினாலு. முப்பது மணி நேரம் வலியில இருந்தாங்கன்னு சொல்வாங்க. அப்புறம் ரத்தம் நிக்கல."

"வயசு?"

"முப்பத்தெட்டு."

"கேட்டியளோ?" என்று நான் கத்தினேன். ஓம், கத்தினேன்தான். "பதினாலு தரம் அவளைப் படுத்தி எடுத்துச் சாக்காட்டிப் போட்டு, பிறகு மேலை பளிங்கைக் கட்டினா அது காதலோ? அதைக் காட்டித்தான் இவளைச் சம்மதிக்க வைக்கப் பாக்கிறீரோ? நாளைக்கு இவள் போனா நீர் என்ன கட்டப்போறீர், பொயிண்ட் குக்கிலை?"

"அக்கா, நீ இரு."

ஜெனோஜாவின் குரல். பெரிய சத்தமில்லை. ஆனாலும் நான் வாயை மூடினேன்.

"அவர் ஒரு பக்கம் எனக்காகக் கதைக்கிறார். நீ ஒரு பக்கம் எனக்காகக் கதைக்கிறாய்," என்றாள். "என்னை ஒருதரும் கேக்கேல்லை." எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்தாள். "அண்ணா, அந்தப் பதினாலாவது பிள்ளை என்ன ஆனது?"

"பிழைச்சுக்கிச்சு மேடம். பொண்ணு. கௌஹர் ஆரான்னு பேரு."

"ஆர் வளர்த்தது?"

"பெரிய பொண்ணு ஜஹனாராதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க. அப்பாவையும் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. அப்ப அவங்களுக்கு வயசு பதினேழு."

அந்த நேரம் பார்த்துப் பின்வளவுக் கதவைத் தள்ளிக்கொண்டு மூத்தவள் றொஷானி வந்தாள். சின்னவளை இடுப்பில் சுமந்திருந்தாள். "Amma, she's done a poo," என்றாள். ஒன்பது வயது. ஒரு பக்கம் சரிந்து நின்றாள், பாரம் தாங்காமல்.

ஜெனோஜா எழுந்து போய்ச் சின்னவளை வாங்கினாள். அந்த விலைகூடிய சேலையோடு, அந்த நாற்றத்தோடு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி எறிக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு விருப்பமில்லை. நான் ஒரு நாளும் விருப்பமெண்டு சொன்னதில்லை. நீங்கள் கேட்டதுமில்லை. இப்ப மாமிக்கு போன் எடுங்கோ. டொக்டர் என்ன சொன்னவ எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ."

"ஜெனோ, ஆக்கள் இருக்கினம்."

"ஆக்களுக்கு முன்னாலைதானே அதைச் சொன்னனீங்கள். இதையும் ஆக்களுக்கு முன்னாலையே சொல்லுங்கோ."

வந்திருந்த ஒருவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியிலிருந்து மெதுவாக, "சார், நான் லைன்ல இருக்கட்டுமா, கட் பண்ணட்டுமா?" என்று கேட்டது. எறிக் கிறகோரியைப் பார்த்தான், ஓர் ஆண் என்ற முறையில் உதவிக்கு வருவார் என்று நினைத்திருப்பான். "எடும் தம்பி," என்றார் கிறகோரி. வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் மனுஷன் சரியான நேரத்தில் சரியான வார்த்தை சொன்னார்.

எறிக் எடுத்தான். மன்னாரில் மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். எறிக்கின் அம்மா பூசைக்குப் போய் வந்திருந்தார்.

"மகன்! எல்லாருக்கும் சொல்லிப்போட்டியோ?" என்றார் சந்தோஷமாக.

"அம்மா..." என்று தொடங்கி நிறுத்தினான். "அம்மா, டொக்டர் ரெண்டு வருசம் எண்டு சொல்லேல்லை."

"என்னடா சொல்லுறாய்?"

"இனிமேல் பிள்ளை வேண்டாம் எண்டுதான் சொன்னவ. இன்னொண்டு எண்டா ஜெனோ தப்புறது கஷ்டமாம். நான்தான் உங்களுக்கு மாத்திச் சொன்னனான்."

இந்த இரண்டு வருஷமும் நான் அந்த மனுஷியை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! ஆம்பிளைப் பிள்ளைப் பைத்தியம், ஊரில் இருந்துகொண்டு என் தங்கையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று. மாதா பார்த்துக்கொள்வா என்று இப்போது சொல்லப் போகிறாள், அதற்கு என்ன திருப்பிச் சொல்வது என்று நான் வாயில் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஜெனோ அங்கை நிக்கிறாளோ?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"நிக்கிறன் மாமி."

"பிள்ளை, எனக்குத் தெரியாதம்மா. மாதாவாணை எனக்கு ஒண்டும் தெரியாது." அவர் அழுதார். அழுகையை அடக்கிக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். "டேய் எறிக், அண்டைக்கே எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நான் இவளின்ரை உயிரையெல்லோடா மாதாட்டைக் கேட்டிருப்பன். ரெண்டு வருசமா விடிய எழும்பி முழங்காலிலை நிண்டு, இந்தப் பிள்ளையின்ரை சாவை என்னைக் கொண்டே கேக்க வைச்சிட்டியேடா!"