புரோபர்ட் கடைச் சிவப்பு

பெத்தானியா ஜெபக்கூடத்தில் பிரசங்க மேடைக்குக் கீழே வளைவாக ஓர் இருக்கை உண்டு. பெரிய இருக்கை என்போம். மூப்பர்கள் ஆறு பேர் அதில் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் புதுத் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று கவனிப்பது ஆண்டவர் அவர்களிடம் ஒப்படைத்த ஊழியம். மாவு வியாபாரி ஒருவர் போன இலையுதிர் காலத்தில் காலமானதிலிருந்து ஆறாவது இடம் காலியாகக் கிடந்தது.

அந்த இடத்தின் மேல் ஜொசையா புரோபர்ட்டுக்குப் பதினோரு வருட ஆசை. ஜெபக்கூடத்துக்கு எதிர்வரிசையில் மருந்துக் கடை வைத்திருந்தார். என் சேணக் கடைக்கு அடுத்த கடை. இருமல் மருந்து கேட்டு வருகிறவனிடம் லத்தீனில் நான்கு வார்த்தை சொல்லாமல் பாட்டிலைக் கொடுக்கமாட்டார். கடை ஜன்னலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் அவரே கலந்த சிவப்புத் தண்ணீர். "இந்தச் சிவப்பு லண்டன்லயே கிடையாது" என்பார். கலக்கும் முறையை மனைவி குவெனுக்குக்கூடச் சொன்னதில்லை. கடையில் அவளுக்கு இருந்த ஒரே உரிமை, பாட்டில்களைத் துடைப்பது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் கடையில் ஜன்னலை மூடும் பலகைகள் ஏறிவிடும். ஓய்வு நாளில் சாகக்கிடந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுத்துச் சாகவேண்டும். அந்த ஒழுக்கத்தைக் காட்டித்தான் அவர் ஆதரவு திரட்டியிருந்தார்.

தேர்தல் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் வைத்தார்கள். காலை ஆராதனை முடிந்ததும் கை தூக்கவேண்டும். குவென் தலைவலி என்று வரவில்லை. புரோபர்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெல்லப்போகிறவரின் அடக்கத்தை முகத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் பெவன் நீண்ட ஜெபத்தில் பாதி தூரம் போயிருப்பார். திடீரென்று நிறுத்தினார். அவர் ஜெபத்தை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. கூரை ஒழுகியபோதுகூட நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்தேன்.

வெள்ளையடித்த சுவரில், ஒரு சிவப்பு. வண்டிச் சக்கரம் அகலம். உள்ளே ஏதோ உயிர் இருப்பதுபோல நடுங்கிக்கொண்டு, சுவரைவிட்டு மெல்ல இறங்கி, இருக்கைகள் மேல் நகர்ந்து வந்து, புரோபர்ட்டின் வழுக்கைத் தலையில் நின்றது.

"மகிமை!" என்று கத்தினாள் கிழவி மாலி. பின்னால் யாரோ விசும்பினார்கள். தலைமை மூப்பர் எலியாஸ் மோரிஸ், புரோபர்ட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனி எதுக்குக் கை தூக்கணும்? மேல இருந்தே தூக்கியாச்சு!"

முந்நூறு பேரும் அந்தத் தலையையே பார்த்தார்கள். எனக்கே முதுகு சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் தலையில் ஒளி விழுந்தவர் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"என்னோட சிவப்பு" என்றார், உதடு அசையாமல்.

"என்ன?"

"என் குடுவைய்யா அது! எவளோ பலகையை எடுத்திருக்கா. ஞாயித்துக்கிழமை!"

அதற்குள் ஒளி ஒருமுறை மறைந்து திரும்ப வந்தது. சபை 'ஆ' என்றது. புரோபர்ட் எழுந்து வெளியே நடந்தார். ஆவியால் ஏவப்பட்டவர் என்று எண்ணி எல்லோரும் வழி விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். இதை விட்டுவிட்டு யார் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பார்கள்?

கடையின் பின்கதவு விரியத் திறந்திருந்தது. தாழ்ந்த குளிர்கால வெயில் நேராக உள்ளே வந்து, குடுவையைத் துளைத்து, தெருவைத் தாண்டி ஜெபக்கூட ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. குவென் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றாள். சுரங்கத் தொழிலாளி மனைவி நெஸ்டாவின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. தொண்டை அடைத்து, விலா உள்வாங்கி, சேவல் கூவுவதுபோல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம்.

"பலகையை எதுக்கு எடுத்தே?"

"கத்தாதீங்க, பிள்ளை மிரளுது. வாந்தி எடுக்க வைக்கிற மருந்தும் அபின் சாறும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கீங்க. இருட்டுல எதை எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

"உன்னை யாரு பாட்டிலைத் தொடச் சொன்னது?"

"இருபது வருஷமா வேற எதைத் தொட்டேன்? ஒவ்வொண்ணுலயும் நீங்க எழுதின சீட்டைப் படிச்சுக்கிட்டேதானே துடைச்சேன்!"

குழந்தை வில்லாக வளைந்தது. குவென் அதைக் கவிழ்த்துப் பிடித்தாள். கோழையும் மருந்துமாக ஏதோ வெளியே வந்தது. பிறகு ஒரு மூச்சு, நீளமான, ஈரமான, முழு மூச்சு. அதற்குப் பிறகு அழுகை. அதுவரை அதற்கு அழக்கூடக் காற்று இல்லை.

புரோபர்ட் நின்றுகொண்டே இருந்தார். தன் கடையில் தான் இல்லாமல் நடந்த ஒன்றை முதன்முறையாகப் பார்க்கிறார். லத்தீன் எதுவும் வரவில்லை.

"எவ்வளவு குடுத்தே?"

"அரைக் கரண்டி."

"கால் மணி கழிச்சு இன்னொரு அரை."

"தெரியும். உதடு நிறம் பார்த்துத்தான் குடுக்கணும். அதுக்கும் வெளிச்சம் வேணும்."

அவளிடம் அவர் ஒரு மருந்தின் அளவைக் கேட்டது அன்றுதான் முதல்முறை; அவளுக்குப் பதில் தெரியும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

என் புத்தி எனக்கு. காதருகில் போய்ச் சொன்னேன்: "யோவ், குடுவையை மட்டும் ஒரு சாண் நகர்த்து. பலகை திறந்தே இருக்கட்டும். ஒளி தானா போயிடும். ஆண்டவர் வந்தார், போனார்னு அவங்க பாட்டுக்கு உன்னை உட்கார வைப்பாங்க."

புரோபர்ட் குடுவையில் இரண்டு கையையும் வைத்தார். பதினோரு வருடம் அந்தக் கைகளில் இருந்தது. குவென் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கரண்டியைப் பிடித்த கை துளியும் ஆடாமல். அவர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கைகளை எடுத்துக்கொண்டார்.

என்னோடு தெருவைத் தாண்டி வந்து, ஜெபக்கூடத்தின் நடுவழியில் நின்று, தொண்டையைச் செருமாமல் பேசினார். அதுவே அதிசயம்.

"அது என் கடைக் குடுவை. பின்கதவு வழியா வெயில் வருது. கடை திறந்திருக்கு. என் பொண்டாட்டி ஒரு பிள்ளைக்கு மருந்து குடுத்துக்கிட்டிருக்கா."

எலியாஸ் மோரிஸ்தான் முதலில் தேறினார்.

"புரோபர்ட், உம்மை யாரும் ஒண்ணும் கேக்கலையே?"

கையில் கிடைத்த அற்புதத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சபைக்குத்தான் மனசு வரும்? போதகரும் குழைந்து பேசினார்.

"பிள்ளை பிழைச்சுதா? ஸ்தோத்திரம். அப்ப போய்ப் பலகையைப் போட்டுட்டு வாங்க, சகோதரரே. வந்து உட்காருங்க. நடந்ததை நாங்க மறந்துடறோம்."

காலியான அந்த இடத்துக்கும் அவருக்கும் இடையே பத்தடி இருக்கும். அவர் அதைப் பார்த்தார்.

"இன்னும் அரைக் கரண்டி பாக்கி இருக்கு" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

மோரிஸ் புரோபர்ட்டுக்காகக் கை தூக்கச் சொன்னார். யாரும் தூக்கவில்லை; மாலிகூட. புரோபர்ட் எழுந்துபோன இடத்தில் விழுந்த சிவப்பையே முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மறைந்தது, வந்தது. அது மறையும்போதெல்லாம் கடையில் வெயிலை மறித்துக்கொண்டு யாரோ பிள்ளையிடம் குனிகிறார்கள் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். குவெனா, அவரா என்று மட்டும் தெரியவில்லை. பிறகு, அடுத்த அரைக் கரண்டி போகிற நேரத்தில், வெகுநேரம் மறைந்தே இருந்தது. பாட்டு எடுக்கவேண்டிய போதகர் எடுக்கவில்லை. தொப்பியை மடியில் கசக்கிக்கொண்டு நானும் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வந்தது.