மூன்றாம் கவளத்துத் தும்மல்

உலகத்தார் கவனத்துக்கு ஒரு முக்கியச் செய்தி. எங்கோ போர் நின்றது, புதிதாக ஒரு கோள் கிடைத்தது என்பதெல்லாம் இதற்கு முன் சில்லறை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் விற்பனை மேலாளர், தன் முதலாளியின் வீட்டில், சாட்சிகள் முன்னிலையில், ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கவிருந்தார்.

இதில் என்ன பெரிய சாதனை என்று கேட்பவர்களுக்கு நல்ல வயிறு வாய்த்திருக்கிறது, நன்றாக இருக்கட்டும். மேலாளரின் வயிற்றில் பெரும்பகுதியை எட்டு வருடங்களுக்கு முன்பு டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து மூடியிருந்தார்கள். இது மனைவிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் மேலாளரின் மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட ஆள் என்றால், தொழிற்சாலையில் புதுவகை நாற்காலி எது செய்தாலும் முதலில் அவரைத்தான் உட்கார வைப்பார்கள். அவர் உட்கார்ந்து எழுந்த பிறகும் நாற்காலி நாற்காலியாகவே இருந்தால் சந்தைக்குப் போகும். ஒருநாள் வெளியூர் வியாபாரிகள் முன்னால் ஒன்று முறிந்தது. அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். மறுவாரமே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வந்த சில மாதங்களுக்குள் பாதி ஆளானார்.

“எப்படி சார்?” என்றார்கள்.

“மன உறுதி. தினமும் நடை. அவ்வளவுதான்” என்றார்.

பொய் நன்றாக விலைபோனது. விற்பனை மேலாளர் அல்லவா! முதலாளி அவரை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார். மேலாளர் மைக்கைப் பிடித்து, வாயைக் கட்டுவது எப்படி என்று ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் வாயைத் திறந்து பேசினார். நாற்காலிகளைச் சோதிக்க மணல் மூட்டை வாங்கினார்கள்.

இப்போது சிக்கல் முதலாளியின் தத்துவத்தில் இருந்தது. பணம் சேர்ந்தவர்களுக்குத் தத்துவமும் தானாகச் சேர்ந்துவிடும். ‘தட்டை முடிக்காதவன் வேலையையும் முடிக்க மாட்டான்’ என்பது அவருடையது. பெரிய பதவிக்கு ஆள் எடுக்க அவர் நேர்காணல் நடத்துவதில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பார்ப்பார். பழைய கணக்கர் ஒருவர் கத்திரிக்காயை ஓரமாக ஒதுக்கியதற்காக இன்றுவரை அதே நாற்காலியில் இருக்கிறார். கடலுக்கு அக்கரையில் புதுக்கிளை திறக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த வேளையில்தான், மேலாளரையும் உற்பத்தி மேலாளரையும் ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச் சொன்னார் முதலாளி.

ஐம்பத்தொரு வயது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது. எட்டு வருடமாக ‘வயிறு சரியில்லை’, ‘வெளியூர் போகணும்’ என்று முதலாளியின் பந்திகளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தவர், இந்த முறை நழுவினால் பதவியும் நழுவிவிடும்.

“எல்லாம் ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் மனைவி, காரில்.

“இருக்கு.”

“அரை மணி நேரமா தண்ணி குடிக்கலையே?”

“இல்லம்மா.”

“சின்னச் சின்ன வாயா எடுங்க. நல்லா மெல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். அவங்க அந்தப் பக்கம் திரும்பறப்ப என் தட்டுல தள்ளி விட்டுடுங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைல்ல?”

“நீதானே பாத்துக்கிட்டு இருந்தே.”

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், புடவை கட்டப் போன நேரம் தவிர.

எட்டு வருடத்தில் வாழைப்பழ வயிற்றுக்கென்று ஒரு தனிச் சட்டதிட்டமே உருவாகியிருந்தது. குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணம், தேக்கரண்டி. சாப்பிடும்போது தண்ணீர் ஆகாது. மெல்ல வேண்டும், மென்றதைக் கூழாகும்வரை திரும்பவும் மெல்ல வேண்டும். போதும் என்று வயிறு சொல்வதற்கு ஓர் அடையாளம் இருந்தது. மூக்கில் நீர் கோத்து ஒரு தும்மல் வரும். அதற்குமேல் ஒரு பருக்கை போனாலும் நெஞ்சுக்கு நடுவே கல்லை வைத்ததுபோல அடைத்துக்கொள்ளும். அப்புறம் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆனால் இந்தக் கண்டிப்பெல்லாம் சோற்றிடமும் கறியிடமும்தான். வாசலில் இறைச்சியை நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கும் அதே காவலாளி, தேநீரில் தோய்ந்த பிஸ்கட்டைக் கண்டால் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடுவான். ஊறிய பிஸ்கட் வழுக்கிக்கொண்டு போகும். அடைக்காது, தும்மல் வராது. மேலாளர் இதைக் கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. அலுவலக மேசையில் இரண்டாவது இழுப்பறை முழுக்க பிஸ்கட். மூன்று வேளையும் பறவைபோலச் சாப்பிடுகிறவர், வேளைக்கும் வேளைக்கும் நடுவே சுவர்க்கோழிபோல ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தார். கால்சட்டையின் இடுப்பை மனைவி இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று. அவள் கேட்டபோது, துணி சுருங்குகிறது என்றார்.

இன்று காலையும், அவள் புடவைக் கொசுவத்தோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில், மேலாளருக்கு ஒரே பதற்றம். பதற்றத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சமையலறை மூலையில் நின்றபடி ஆறிப்போன தேநீரில் தோய்த்துத் தோய்த்து ஒரு பாக்கெட்டை முடித்தார். வழுக்கிக்கொண்டு போகிறதே, இடத்தையா அடைக்கப்போகிறது என்பது அவர் கணக்கு.

முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசை, தொழிற்சாலையின் கூட்ட அறை மேசையைவிட நீளம். முதல் அடியே அங்கேதான் விழுந்தது.

“நீ இந்தப் பக்கம் வாம்மா, நாம பொம்பளைங்க ஒண்ணா உக்காரலாம்” என்று முதலாளியின் அக்கா, மேலாளரின் மனைவியைக் கையைப் பிடித்து எதிர்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேலாளரின் இடப்பக்கம் உற்பத்தி மேலாளர். தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் பீரங்கி. குரலாலும் உருவத்தாலும் சம்பாதித்தது. வலப்பக்கம், மேசையின் தலைமாட்டில், முதலாளி. கடைசி இருக்கையில், போன மாதம் வெளிநாட்டுப் படிப்பை முடித்துவிட்டு வந்த முதலாளியின் மாப்பிள்ளை, போனைப் பார்த்துக்கொண்டு.

“என்ன சேல்ஸ், எட்டு வருஷமா நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்கு டிமிக்கி குடுத்துட்டு இருந்தே. இன்னைக்கு மாட்டுனியா?” என்று சிரித்தார் முதலாளி.

“ஹி ஹி” என்றார் மேலாளர்.

அக்கா பரிமாறுகிற விதத்தை முதலாளி குடும்பத்தின் அன்பு என்றும் சொல்லலாம், அடக்குமுறை என்றும் சொல்லலாம். கேட்டுப் போடுகிற வழக்கமே இல்லை. சோறு, அதன்மேல் குழம்பு, அதன்மேல் ஆட்டுக்கறி, பக்கத்தில் முழு முட்டை, வறுத்த மீன். தட்டின் விளிம்பு மறைந்தபோதுதான் கரண்டி நின்றது. எதிர்வரிசையிலிருந்து மனைவி அதைப் பார்த்தாள். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் இந்தக் கலக்கத்தை அவர் பார்த்ததில்லை.

முதல் கவளம். மென்றார். பீரங்கி அதற்குள் மீனின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது. மென்றுகொண்டே முதலாளியிடம் சந்தை நிலவரம் பேச ஆரம்பித்தார்; பேசுகிற வாய் சாப்பிடுகிற வாயைப்போலவே அசைகிறது என்பது பழைய தந்திரம்.

மூன்றாவது கவளம் பாதி இறங்கியபோது மூக்கில் நீர் கோத்தது. மேலாளர் திடுக்கிட்டார். இவ்வளவு சீக்கிரமா? மூக்கை உறிஞ்சினார், மூச்சைப் பிடித்தார், கூரையைப் பார்த்தார்.

தும்மினார்.

“சளியா?” என்றார் முதலாளி.

“ஏசி சார். கொஞ்சம் சில்லுனு இருக்கு.”

எதிரே மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது கவளத்தில் தும்மல். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ‘பிஸ்கட்டா?’ என்று கண்ணாலேயே கேட்டாள். மேலாளர் முட்டையைப் பார்த்துக்கொண்டார்.

“சளிக்கு மிளகு போட்ட கறிதான் மருந்து” என்று அக்கா எழுந்து வந்து இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

“அக்கா, போதும்க்கா, அவருக்கு...” என்று மனைவி தொடங்கினாள்.

“நீ சும்மா இரும்மா. புருஷனை எலும்பும் தோலுமா வெச்சிருக்கே. ஆம்பளை சாப்பிடறப்ப தடுக்கக் கூடாது.”

பீரங்கி தட்டை வழித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு!” முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அப்படியே மெல்லத் திரும்பி மேலாளரின் தட்டில் வந்து வாடியது.

“என்ன சேல்ஸ், பிடிக்கலையா?”

“பிரமாதம் சார். ரசிச்சு சாப்பிடறேன்.”

“ரசி, ரசி. ஆனா சாப்பிடு.”

மாப்பிள்ளை மட்டும் போனை விட்டுத் தலையெடுக்காமல், இரண்டே வாய் தின்ற தட்டைப் புறங்கையால் தள்ளி வைத்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மேலாளரின் விரல்களில் இருந்த கறித்துண்டின் மேல் இருந்தது.

மேலாளர் அதைப் பார்த்தார். சின்னத் துண்டுதான். அக்கரையில் புதுக்கிளை, கண்ணாடி அறை, வாசலில் கார், எல்லாம் அந்தத் துண்டுக்கு அந்தப் பக்கம் நின்றன. எதிரே மனைவி கண்ணுக்குத் தெரியாத அளவு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார், மென்றார், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

துண்டு பாதி வழியில் நின்றது.

நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றி ஏறுவதுபோல இருந்தது. நெற்றியில் வேர்த்தது. வாய்க்குள் எச்சில் ஊறியது; ஊறியது என்றால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. விழுங்க வழியில்லை, துப்பவும் வழியில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

“புதுக்கிளையைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டார் முதலாளி, சரியாக அந்த நேரம் பார்த்து.

“ம்” என்றார் மேலாளர்.

“ம்னா?”

“ம்ம்.”

“இவன் என்னய்யா, வாயைத் திறந்து பேசு!”

மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தொழிற்சாலையின் உறுதிமிக்க தயாரிப்பு. அவர் உடம்பையே தாங்கிச் சோதனையில் தேறிய வகை. அது கவிழ்ந்து விழுந்தது. கைகழுவும் தொட்டி அதே அறையின் மூலையில் இருந்தது. அதற்குமேல் ஓட நேரமில்லை. குனிந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு கரண்டிகூட அசையவில்லை. வந்த சத்தம் அத்தனையும் அவருடையது.

மனைவி வந்து முதுகைத் தடவினாள். “பிஸ்கட்தானே?” என்றாள் காதருகில். தலையாட்டினார். “வாங்க, வயித்துக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம்.”

அந்த வாசகம் எட்டு வருடமாகக் கைவசம் இருந்தது, ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. இப்போது எடுத்தால் கேடயம் தப்பிக்கும். ஆனால் தத்துவம் அப்படியே இருக்கும். தட்டும் மிச்சத்தோடு அப்படியே இருக்கும். உண்மையைச் சொன்னால் கேடயம் போகும். தட்டுக்காவது மன்னிப்புக் கிடைக்கலாம். மேலாளர் முகத்தைக் கழுவினார். தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினார்.

“சார், என்னால இவ்வளவு சாப்பிட முடியாது. எனக்கு ஆபரேஷன் பண்ணி வயித்தை வெட்டி எடுத்துட்டாங்க. எட்டு வருஷமாச்சு. நடக்கவும் இல்லை, மன உறுதியும் இல்லை. ஆபரேஷன்தான். அதுவும் இப்ப பிஸ்கட் தின்னு தின்னு திரும்ப ஏறிக்கிட்டு இருக்கு.”

சொல்லி முடித்ததும் நெஞ்சில் அடைத்திருந்தது முழுக்க இறங்கிவிட்டதுபோல இருந்தது.

முதலில் பேசியவர் பீரங்கி. “நடக்கலையா?”

“இல்லை.”

“அடப்பாவி! நீ மேடையில சொன்னேன்னு ரெண்டு வருஷம் விடியக்காலையில தொழிற்சாலையைச் சுத்திச் சுத்தி நடந்தேனேய்யா! ஒரு கிலோ குறையலை. முட்டி போச்சு! இப்ப மாடிப்படி ஏற முடியாம லிஃப்ட்டுக்கு நிக்கறேன்!”

“மன்னிச்சுக்கோங்க.”

“மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? முட்டியைக் குடு!”

“முன்னாடியே சொல்லியிருந்தா நான் இப்படி அள்ளிப் போட்டிருப்பேனா தம்பி?” என்று அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார். குரலில் இரக்கம் கால்பங்கு, ஆட்டுக்கறி வீணான வருத்தம் முக்கால்பங்கு.

முதலாளி மேலாளரின் தட்டைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். ஒரு தத்துவத்தை மாற்றி எழுதும்போது பெரிய மனிதர்களின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று மேலாளர் நினைத்தார். அவருக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. உண்மை பேசுகிறவனுக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா? பீரங்கியும் முட்டியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி முந்தானையால் கணவனின் கன்னத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி கையைக் கழுவிவிட்டு வந்து, தொண்டையைச் செருமினார்.

“சரி விடு. இதுல என்ன இருக்கு? நீங்க ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை நல்ல சாப்பாடு போட்டு, நானே நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்.”

புதுக்கிளையின் தலைவர் பதவி வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது.