பொய்ப் போர்டில் எரிந்த விளக்கு

1

“கம்ப்யூட்டருக்குள்ள எரியிற லைட்டு வெளிச்சம் தருமாம்மா?”

ஏழு வயதுச் சிறுமி தன் அம்மாவிடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்து களவாடியதுதான் இந்தக் கதை. அம்மா, மருத்துவக் கருவி செய்யும் நிறுவனத்தில் பெட்டி கட்டும் பிரிவிலிருந்து புரோகிராம் எழுதும் பிரிவுக்கு வந்தவள். வெள்ளிக்கிழமைக்குள், ஆர்ம் என்னும் வகைச் சிப் வைத்த மின்சுற்றுப் போர்டில் ஒரு சின்ன விளக்கைச் சிமிட்ட வைக்க வேண்டும். இல்லையேல் மறுபடி பெட்டி, மறுபடி ஒட்டுநாடா.

(வேறு தொடக்கம்: ‘அறிவியல் விண்ணைத் தொடும் இந்நாளில்…’ வேண்டாம். விண் பாவம்.)

2

‘பத்தே நிமிடத்தில் ஆர்ம்!’ என்று இணையப் பாடங்கள் சத்தியம் செய்கின்றன. பதினோராம் நிமிடத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. போர்டுகூட வேண்டாமாம்; கணினிக்குள்ளேயே போர்டாக நடிக்கும் எமுலேட்டர் போதுமாம். அதில் அவள் விளக்கு அழகாகச் சிமிட்டியது. நிஜப் போர்டோ கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்து மேசை மூத்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் சிடுமூஞ்சி.

“எமுலேட்டர்ல எரியுதே சார்!”

“அப்ப நோயாளிக்கு எமுலேட்டரையே மாட்டி விடுங்க.”

“எங்க தப்புன்னாவது…”

“கையேட்டைப் படிங்கம்மா. ஆயிரத்து எழுநூறு பக்கம்தான்.”

3

அங்கே ஒரு வழக்கம்: பிழை இன்னதென்று யார் வாய்விட்டுச் சொன்னாலும், செய்தவர் பெயரோடு மேலாளரின் பட்டியலில் ஏறிவிடும்.

அவள் சாப்பிட்டுத் திரும்பினால், கையேட்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. “முதல்ல க்ளாக்கைத் திறங்க.” சிடுமூஞ்சியின் கோழிக்கிறுக்கல். நிஜச் சிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் க்ளாக் என்னும் துடிப்பைத் திறந்துவிட்டால்தான் உயிர் வரும். எமுலேட்டர் அதைக் கேட்பதே இல்லை; அத்தனை பெருந்தன்மை. ஒரு வரி சேர்த்தாள். விளக்கு சிமிட்டியது. வேலை தங்கியது.

(சிடுமூஞ்சியை நல்லவராக்குவது மலிவான உத்தி என்று தெரியும். வில்லனாக்கியும் எழுதினேன்: ‘அவர் சீட்டைக் கசக்கி…’ மனம் ஒப்பவில்லை. கடவுள் சிலரைச் சிடுசிடுப்போடு சேர்த்தே நல்லவர்களாகப் படைத்துத் தொலைத்திருக்கிறார்.*)

* நன்றி சொல்லப் போனாள். “என்ன சீட்டு? வேலையைப் பாருங்க” என்றார்.

4

மூன்று மாதம் கழித்து, கற்றுக்கொள்வதற்காகச் சிடுமூஞ்சியின் புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை வைக்கும் இடத்தைப் பூஜ்யமாக்காமலே எண்ணத் தொடங்கியிருந்தார். அவருடைய எமுலேட்டரில் நினைவகம் பூஜ்யமாகவே விடிகிறது. நிஜப் போர்டில் என்ன குப்பை கிடக்குமோ! மறுநாள் மேலாளர் முன்னால் அவர் அதை முதன்முறையாக நிஜப் போர்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். இருபது வருட அனுபவத்துக்கும் எமுலேட்டர் இனிக்கத்தான் செய்கிறது.

முடிவு அ: “கையேட்டைப் படிங்க சார்!” என்று அவள் ஊர் கேட்கச் சொல்கிறாள். கைதட்டல். (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இருவரும் கண் கலங்குகிறார்கள். (அதையும்.)

முடிவு இ: மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அவள் ஒரு சீட்டில் ஒரே வரி எழுதி, அவருடைய விசைப்பலகைக்கு அடியில் செருகி…

‘யாரும் பார்க்கவில்லை’ என்று எழுத வந்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே! இந்த மாதிரிக் கடனை வேடிக்கை பார்க்க ஆளை வைத்துக்கொண்டா தீர்ப்பார்கள்? அதனால் வெளியே வந்துவிட்டேன். அவர் படித்தாரா, மறுநாள் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள்தான் இன்னும் உள்ளே நிற்கிறீர்கள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.