மூன்றாவது மெயில்

சங்கரலிங்கம் அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் ஒவ்வொரு படமாக அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கம்பெனி இணையதளத்தில் இருந்த வேலையாட்களின் படங்கள், பிறகு என் கைபேசியில் இருந்தவை. அச்சங்குளம் பக்கம் இருந்த எங்கள் பட்டாசு யூனிட் செவ்வாய்க்கிழமை வெடித்ததில் ஐந்து பேர் செத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் முதலாளியும் நானும் படம் அழித்துக்கொண்டிருந்தோம். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரர்களுக்கு முந்தி வந்து நின்றவர் அவர்.

"பேரையும் மாத்திரணும்மா," என்றார். "தீபாவளி நெருங்கிருச்சு."

அவருடைய அம்மா பெயரில் இருந்த பொன்னுத்தங்கம் பயர்வொர்க்ஸ், மகள் பெயரில் ஸ்ரீமதி டிரேடர்ஸ் ஆக வேண்டும். போர்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. என் பாடுதான் பெரும்பாடு. எங்கள் தளத்தில் பட்டாசு விற்பதில்லை, விலைப்பட்டியல் மட்டும்தான். யாராவது தன் மெயில் முகவரியைக் கொடுத்தால் அந்த நிமிடமே பட்டியல் போகும். மூன்றாம் நாள் கிஃப்ட் பாக்ஸ் பற்றி ஒரு மெயில். ஆறாம் நாள், அவர் கேட்ட அதே நேரத்தில், மூன்றாவதும் கடைசியுமான மெயில். யாரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. தானாகப் போகும்படி ஜூன் மாதம் நான் அமைத்து வைத்தது. அன்றைக்கு அந்த மெயில் வரிசைக்குள் நானூற்றுப் பதினோரு பேர் நடுவழியில் இருந்தார்கள். சட்டென்று நிறுத்தினால் அவர்களுக்கு மிச்ச மெயில் போகாது. புதுப் பெயருக்கு அப்படியே தூக்கிப் போட்டால் எல்லாம் முதலிலிருந்து இன்னொரு தடவை போகும்.

"பந்தி மாதிரி வச்சுக்கோங்க அண்ணாச்சி," என்றேன். "அஞ்சு மணிக்குப் பழைய வாசல மட்டும் சாத்திருவோம். உள்ள உக்காந்தவுக சாப்பிட்டு எந்திரிக்கட்டும். புதுசா வாறவுகளுக்குப் புதுப் பந்தி. ஆறு நாள்ல பழசு தானா காலியாயிரும்."

அவருக்குப் பிடித்துவிட்டது. "எலையில உக்காந்தவன எந்திரிக்கச் சொல்லக் கூடாதும்மா. ஒரு கஸ்டமரு விட்டுப் போகக் கூடாது, பாத்துக்கோ."

மூன்று மணிக்கு ரோஜா வந்தாள். செத்தவர்களில் ஒருவரான சோலையம்மாளின் மகள், காலேஜில் இரண்டாம் வருடம் படிப்பவள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கம்மாவ யூனிட்ல வச்சு நீங்க படம் எடுத்தீகள்லக்கா. அது வேணும்."

"அழிச்சிட்டேன் ரோஜா."

"சோறு குடுக்க வந்தவகன்னு கம்பெனியில போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்காக. வேலைக்கே வரலையாம். பதினோரு வருசம்க்கா! ரிஜிஸ்டர்ல பேரு இல்லேன்னா ஆளே இல்லேன்னு ஆயிருமா?"

லைசென்சில் உள்ள ஆள் கணக்குக்கு மேல் எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் அந்த மூன்றாவது மெயில் நினைவுக்கு வந்தது. அதில் சோலையம்மாள் இருக்கிறாள். முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பியிருக்க, வரிசையாக அடுக்கிய புஸ்வாணங்களுக்கு நடுவில், சுவரில் கம்பெனி பெயருக்குக் கீழே சிரிக்கிறாள். அடியில் நான் எழுதிய வரி: 'இவர் எங்கள் சோலையம்மாள். பதினோரு ஆண்டுகளாக உங்கள் தீபாவளியை எங்களோடு செய்பவர்.' அண்ணாச்சி ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

அந்த நிமிடமே எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தது யார் என்று கேள்வி வந்தால், இந்த வேலை தெரிந்தவள் ஆபீசில் நான் ஒருத்திதான். எனக்குப் பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

"அஞ்சு மணிக்குள்ள நம்ம வெப்சைட்ல போயி விலைப்பட்டியல் கேளு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். "எங்க வீட்டுக்கு இப்பம் பட்டாசுதான் கொறச்சலாக்கா?"

"கேளு. ஆறு நாள் பொறு. வேற ஒண்ணும் எங்கிட்ட கேக்காத."

போய்விட்டாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டாவதாக ஒரு முகவரி வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. ஐந்து மணிக்கு வாசலைச் சாத்தினேன்.

அடுத்த ஆறு நாளும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் போனது அந்தச் சிரிப்புதான். நாக்பூரிலிருந்து ஒருவர், 'சோலையம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் வாழ்த்து' என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை நாலரை மணிக்கு ஒரே ஒரு ஆள் பாக்கி. அண்ணாச்சி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒருத்தருக்குப் போகணும் அண்ணாச்சி."

"ஒண்ணுதான? நிறுத்திட்டு அழிச்சிரு. பழசு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வக்கீலு சொல்லிட்டாரு."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "எலையில உக்காந்திருக்காக அண்ணாச்சி. நீங்கதான சொன்னீக."

"ஆரு அது?"

"தெரியல. பெரிய ஆர்டரா இருந்தாலும் இருக்கும்."

பொய் அவ்வளவு சுளுவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீசன் நேரத்தில் ஆர்டர் என்ற சொல்லுக்கு அவரால் தலையசைக்காமல் இருக்க முடியாது. "சரி, போகட்டும்," என்று டீ சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இருவரும் டீ குடித்தோம்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஒன்று பூஜ்யமானது.

"ஆச்சா?"

"ஆச்சு அண்ணாச்சி."

"இப்ப அழி."

அழித்தேன். வரிசை போனது, என் வரி போனது, சோலையம்மாள் போனாள். போய்ச் சேர்ந்த மெயிலையும் அதோடு போன படத்தையும் திருப்பிக் கூப்பிட மட்டும் யாராலும் முடியாது. கடைசியாகப் போன மெயில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற அறிக்கை மட்டும் திரையில் மிச்சம் இருந்தது. ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு, ஒன்பது. ஒரே முகவரி.

"அதான் முடிஞ்சு போச்சுல்லம்மா, இன்னும் என்னத்தப் பாக்குற?" என்று அண்ணாச்சி எழுந்தார். டீ டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையைச் சுற்றி என் பக்கமாக வந்தார்.

திரையில் பதினேழு ஆகியிருந்தது.