பறி கடிக்கும் பல்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குப் பல்லும் ஒரு கைதான். கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை அப்போது யார் பிடிப்பது? அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டால் கரையேறும்வரை விடக் கூடாது.

அம்மணிக்கு அந்தப் பல்லில்தான் வினை வந்து சேர்ந்தது. முன்பல் ஒன்று கறுத்துப்போய் விண்விண்ணென்று தெறித்தது. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். பாழாய்ப்போன வலி கேட்டால்தானே!

"புடுங்கிப் போட்டுடலாமா?" என்றான் புருஷன் மாரி.

"புடுங்கிட்டு? நீ தண்ணில எறங்குவே, நான் கரைல குந்திகினு காக்கா ஓட்டவா?"

அதுதான் அவளுடைய பயமெல்லாம். கல்யாணமானதிலிருந்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஏரியில் இறங்குவார்கள். பல் போனால் அந்த இடமும் போய்விடும்.

பொன்னேரி டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, வேர் வைத்தியம் செய்து மூடி போட ஆறாயிரம் ஆகும் என்றார். அம்மணி அசருவாளா? இறால் வாங்க வரும் வியாபாரிகளையே அலறவிட்டவள். பாதிக்கும் கீழே கேட்டாள். டாக்டர் சிரித்தார். சரி, வா போலாம் என்று மாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்தாள். ஏரிக்கரையில் இப்படி நாலு அடி வைத்தால் போதும், "இந்தாம்மா, சரி குடு" என்று கூப்பிட்டுவிடுவார்கள். செருப்பை மாட்டினாள். கழற்றி மறுபடியும் மாட்டினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடுத்த டோக்கன்!"

"இன்னா மனுசன்யா இவரு, கூப்டவே மாட்றாரு!"

மாரி சிரிப்பை அடக்கிக்கொண்டதை அவள் கவனிக்காமல் இல்லை.

கும்மிடிப்பூண்டியிலும் விலை கேட்டாள், செருப்பு மாட்டினாள். அங்கேயும் யாரும் கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், திருப்பாலைவனத்தில் ஏறிய நந்தினி என்ற நர்ஸ் பெண் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்ல கவர்மெண்ட் பல் ஆஸ்பத்திரி இருக்குதேக்கா. காசு கம்மிதான், ஆனா நாலஞ்சு தபா அலையணும்" என்றாள்.

அலைந்தார்கள். பஸ், ரயில், வரிசை. வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று அம்மணி எவ்வளவோ சொல்லியும் மாரி ஒவ்வொரு முறையும் கூடவே வந்தான். அவளுக்கு ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டது அவன்தான்.

கடைசி நாள், தேவதர்ஷினி என்ற சின்ன வயது டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டினாள். "பல்லைக் காப்பாத்தியாச்சும்மா. ஆனா இனிமே இதால எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது."

"எதையுமா?"

"எதையுமே."

பறி கடிக்கத்தானே இத்தனை பாடு! ரயிலில் அம்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மாரி முறுக்கு வாங்கி நீட்டினான், அப்புறம் ஞாபகம் வந்து தானே தின்றான்.

மறுநாள் காலையில் அவளைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பறி?"

"ஒண்ணு போதும். நான் கடிச்சிக்கிறேன். நீயும் பிடிச்சி இதுலயே போடு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கவ்விக்கொண்டான்.

அவன் பக்கத்தில், எப்போதும்போலக் குந்தி நகர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது, வாய் சும்மா இருக்கிறது! இத்தனை வருஷமாகத் தண்ணீருக்குள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பறி கடித்த வாயில் பேச்சு ஏது? முதலில் பொன்னேரி டாக்டரை ஒரு பிடி பிடித்தாள். மாரி ம், ம் என்றான். பிறகு அவள் குரல் இறங்கியது.

"யோவ், பல்லுக்காவா அழுதேன்னு நெனச்ச? உன் பக்கத்துல எடம் போவுதேன்னுதான்யா அழுதேன்."

மாரி அவளையே பார்த்தான். வாயைத் திறந்தான்.

"எனுக்குத் தெரியும்மே..."

பறி நழுவிக் கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்ததெல்லாம் துள்ளிக்கொண்டு ஏரிக்குள் ஓடியது.

"அய்யோ, வாய மூடுய்யா!" என்று கத்தினாள் அம்மணி. கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் பல்.